அரசன் செத்தால் குதிரைக்கு என்ன?

மாக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக் கடைசியில், பலர் வேகமாகப் புரட்டிவிடும் சின்னக் காட்சி ஒன்று உண்டு. முந்தைய இரவு ஸ்காட்லாந்து மன்னன் டங்கன், விருந்தாளியாகத் தங்கிய கோட்டையில் தூக்கத்திலேயே குத்திக் கொல்லப்பட்டிருக்கிறான். கோட்டைக்கு வெளியே ராஸ் என்ற பிரபுவும் எழுபது வருடத்து நினைவுள்ள ஒரு கிழவரும் நின்று பேசுகிறார்கள். விடிந்து நேரமாகியும் வெளிச்சம் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை, உயரே பறந்துகொண்டிருந்த வல்லூறு ஒன்றை எலி பிடிக்கிற ஆந்தை அடித்துக் கொன்றதாம். டங்கனின் உயர்ந்த சாதிக் குதிரைகள் லாயத்தை உடைத்துக்கொண்டு ஓடி, ஒன்றையொன்று கடித்துத் தின்றனவாம். ராஸ் அதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறான்.

ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் நியாயமாக ஒன்று கேட்பார்கள். மன்னனைக் கொன்றவன் மாக்பெத். குதிரைகள் ஏன் ஒன்றையொன்று தின்ன வேண்டும்? வகுப்பில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான். அந்தக் காலத்தில் அரசனைக் கடவுளின் பிரதிநிதி என்று நம்பினார்கள், அவனைக் கொன்றால் இயற்கையே குலைந்துபோகும். பரீட்சைக்கு அது போதும். அதோடு நின்றுவிட்டால் நாடகத்தில் பாதி நம் கையை விட்டுப் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் பார்ப்போம்.

முதலில் அந்த நம்பிக்கையையே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடவுள், தேவதூதர், மனிதர், விலங்கு, செடிகொடி, கல், மண் என்று படைப்பு முழுவதும் மேலிருந்து கீழாக இடைவெளியே இல்லாத ஒரு வரிசை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் எண்ணினார்கள். அந்த வரிசையின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு தலைமை உண்டு. விலங்குகளுக்குச் சிங்கம், பறவைகளுக்குக் கழுகு, வானத்துக்குச் சூரியன், உடம்புக்குத் தலை, வீட்டுக்குத் தகப்பன், நாட்டுக்கு மன்னன். ஒரு தளத்தில் நடப்பது மற்றத் தளங்களிலும் எதிரொலிக்கும். குடிமகன் மன்னனைக் கொன்றால், ஆந்தை வல்லூறைக் கொல்லும். சூரியன் முகம் காட்டாது. மனிதனுக்கு அடங்கியிருந்த குதிரை அவனை எதிர்த்துக்கொண்டு கிளம்பும். ராஸும் கிழவரும் பேசுவது இந்தக் கணக்கைத்தான்.

பண்டிதர்கள் ஏட்டில் எழுதிவைத்த இந்தக் கருத்து செருப்புத் தைப்பவருக்கும் பால்காரிக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? தேவாலயம் வழியாகத்தான். 1547-இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், பாதிரிமார் வாசிப்பதற்கென்று அரசே பிரசங்கங்களை அச்சிட்டுக் கொடுத்தது. சொந்தமாகப் பிரசங்கம் செய்ய அனுமதி இல்லாத பாதிரி இதைத்தான் படிக்க வேண்டும். 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவருக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதம். அந்தத் தொகுப்பில் கீழ்ப்படிதலைப் பற்றிய பிரசங்கம் ஒன்று இருந்தது. வானத்திலும் நிலத்திலும் நீரிலும் கடவுள் ஒழுங்கு வைத்திருக்கிறார் என்று தொடங்கி, மன்னர்களும் அதிகாரிகளும் இல்லாவிட்டால் என்னென்ன நடக்கும் என்று அது பயமுறுத்துகிறது. சாலையில் போகிறவன் கொள்ளைக்குத் தப்ப மாட்டான், தன் வீட்டில் தன் படுக்கையில் தூங்குகிறவன் உயிரோடு எழுந்திருக்க மாட்டான், மனைவி மக்களோடு எவனும் நிம்மதியாக வாழ முடியாது. 1569-இல் வட இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். அது அடக்கப்பட்டதும், கலகத்துக்கு எதிராக இன்னும் நீளமான ஒரு பிரசங்கம் சேர்ந்தது. முதல் கலகக்காரன் லூசிபர் என்கிறது அது. கெட்ட மன்னன் வாய்த்தால், நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று பொறுத்துக்கொள்ள வேண்டும்; எழுந்து நிற்கக் கூடாது. 1564-இல் பிறந்த ஷேக்ஸ்பியர் இவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

இந்தச் சித்திரத்தை உலகமெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது, கேம்பிரிட்ஜ் ஆசிரியர் டில்லியர்ட் 1943-இல் வெளியிட்ட ஒரு சிறிய நூல். நம் கல்லூரிகளில் ஆங்கிலம் படித்த பலருக்கும் அது பழக்கமானது. தெளிவாக எழுதப்பட்ட நூல். அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் எலிசபெத் காலத்து மக்கள் எல்லோரும் இந்த ஒழுங்கை மூச்சுக்காற்றுபோல நம்பினார்கள் என்ற எண்ணத்தை அது விதைத்துவிட்டது. எல்லோரும் ஏற்கெனவே நம்புகிற ஒன்றைக் கோயில்தோறும் வாசிக்கச் சொல்லி, கேட்க வராதவருக்கு அபராதமும் போட வேண்டியதில்லையே. அந்தப் பிரசங்கங்களில் அரசாங்கத்தின் நம்பிக்கை எவ்வளவு இருக்கிறதோ, அதே அளவு அதன் பயமும் இருக்கிறது.

சரி, குதிரைகளிடம் திரும்புவோம். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ரஃபேல் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அவர் பயன்படுத்தியது 1587-ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்த நூலில் டங்கன் செத்தபோது குதிரைகள் ஒன்றும் செய்யவில்லை. அவை வேறொரு மன்னனின் கதையில் வரும் குதிரைகள். டஃப் என்ற அரசன், டான்வால்ட் என்பவனின் பொறுப்பில் இருந்த கோட்டையில் தூங்கும்போது, மனைவியின் தூண்டுதலால் டான்வால்ட் அவனைக் கொல்ல ஏற்பாடு செய்கிறான். பிறகு ஆறு மாதம் பகலில் சூரியனும் இல்லை, இரவில் நிலவும் இல்லை. குதிரைகள் தம் சதையையே தின்றன. ஆந்தை ஒரு பருந்தின் கழுத்தை நெரித்தது. ஷேக்ஸ்பியர் இந்தக் கொலையையும் மனைவியையும் குதிரைகளையும் பெயர்த்தெடுத்து டங்கன் கதையில் வைத்தார்.

இன்னும் சிலவற்றை அவர் வைக்காமல் விட்டார். ஹாலின்ஷெட் சொல்லும் டங்கன் அளவுக்கு மீறி மென்மையானவன், ஆட்சி நடத்தத் தெரியாதவன். மாக்பெத்துக்கு அங்கே ஒரு நியாயமான மனக்குறையும் இருந்தது. வாரிசு சிறுவனாக இருந்தால் நெருங்கிய உறவினன் பட்டம் ஏறலாம் என்பது பழைய வழக்கம். டங்கன் தன் சின்ன மகனை வாரிசாக அறிவித்து அந்த வழியை அடைத்துவிட்டான். கொலைக்குப் பிறகு மாக்பெத் பத்து வருடம் நல்ல சட்டங்கள் போட்டு ஒழுங்காக ஆண்டான் என்றும் ஹாலின்ஷெட் எழுதுகிறார். ஏட்டைத் தாண்டி உண்மை வரலாற்றுக்குப் போனால் படம் இன்னும் மாறுகிறது. பதினோராம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்கு நேராகப் போவது உறுதியான விதியாக இருக்கவில்லை. அரச குலத்தின் கிளைகளில் வலிமையுள்ள ஆண்மகன் யாரோ அவனுக்குப் போனது. டங்கன் கிழவன் அல்ல, இளைஞன். 1040-இல் எல்கின் ஊருக்கு அருகே நடந்த சண்டையில் இறந்தான். மாக்பெத் பதினேழு வருடம் ஆண்டான். நடுவில் 1050-இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான். நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்வர, அரியணை கெட்டியாக இருந்திருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத்திடம் இந்த நியாயங்கள் எதுவும் இல்லை. டங்கன் நல்ல மன்னன், தனக்கு உறவினன், தன் வீட்டு விருந்தாளி. பேராசையைத் தவிரத் தன்னைத் தள்ளுவது எதுவுமில்லை என்று கொலைக்கு முன்பே தனியாக நின்று ஒப்புக்கொள்கிறான். ஆக, குதிரைகள் காலத்தின் பொது நம்பிக்கையாகத் தாமாக வந்து நாடகத்தில் நுழையவில்லை. ஒரு கலைஞன் தேடி எடுத்து, தேவையான இடத்தில் வைத்தவை. கொலைகாரனுக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லாமல் செய்துவிட்டு, அந்தக் கொலை எவ்வளவு பெரியது என்று காட்ட வானத்தையும் விலங்குகளையும் சாட்சிக்கு அழைத்தார்.

அந்த வேலைக்கு அப்போது ஒரு தேவையும் இருந்தது. 1603-இல் எலிசபெத் இறந்ததும் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸாக லண்டனுக்கு வந்தார். அதே வருடம் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு 'மன்னரின் குழு' ஆயிற்று. ஜேம்ஸுக்குக் கொலைப் பயம் கற்பனை அல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது, 1567-இல், எடின்பரோவில் அவர் தகப்பன் தங்கியிருந்த வீடு வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. தகப்பனின் பிணம் வெளியே தோட்டத்தில் கிடந்தது. தாய் மேரியை 1587-இல் இங்கிலாந்து தலை வெட்டிக் கொன்றது. 1605 நவம்பரில், ஜேம்ஸைக் கொல்லத் திட்டமிட்ட சதியில், நாடாளுமன்றத்தின் கீழே நிலவறையில் முப்பத்தாறு பீப்பாய் வெடிமருந்தோடு கய் ஃபாக்ஸ் என்பவர் பிடிபட்டார். அந்தச் சதியை ஒட்டி ஹென்றி கார்னெட் என்ற ஏசு சபைப் பாதிரியாரை 1606 மே மாதம் தூக்கிலிட்டார்கள். இரட்டை அர்த்தம் பட உண்மையை மறைத்துப் பேசினார் என்று விசாரணையில் அவர்மீது சாட்டிய பழி, மாக்பெத் நாடகத்தில் குடித்துவிட்டுக் கதவு திறக்கும் வாயிற்காவலனின் பேச்சில் எதிரொலிக்கிறது. ஜேம்ஸ் பிறந்த ஸ்டூவர்ட் அரச குலம் தன் மூதாதை என்று உரிமை கொண்டாடியது, நாடகத்தில் மாக்பெத்தின் தோழனாக வரும் பாங்கோவை. ஹாலின்ஷெட்டின் பாங்கோ கொலைக்கு உடந்தை. நாடகத்துப் பாங்கோவின் கையில் கறை இல்லை.

இதுவரை கேட்டால், நாடகம் மன்னருக்குச் செய்த சேவகம் என்றே தோன்றும். அங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

கீழ்ப்படிதல் பிரசங்கம் சொன்ன மூன்று பயங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: படுக்கையில் சாவு, சாலையில் ஆபத்து, மனைவி மக்களுக்குக் கேடு. மூன்றும் நாடகத்தில் நடக்கின்றன. டங்கன் படுக்கையில் சாகிறான். பாங்கோ மகனோடு குதிரையில் வந்து, கடைசித் தூரத்தை நடந்து கடக்கும்போது வெட்டப்படுகிறான். மாக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவியும் குழந்தைகளும் சொந்த வீட்டிலேயே கொல்லப்படுகிறார்கள். மன்னன் இல்லாத நாட்டில் இப்படி நடக்கும் என்றுதான் பிரசங்கம் எச்சரித்தது. இங்கே பின்னிரண்டும் மன்னன் இருக்கும்போதே, அந்த மன்னனின் கட்டளையால் நடக்கின்றன. மாக்பெத் சட்டத்துக்குப் புறம்பாக எங்கேயோ ஒளிந்திருந்தவன் அல்ல. டங்கனின் மகன்கள் ஓடிப்போனதால் பட்டம் அவனுக்கென்று அறிவிக்கப்பட்டது. மன்னர்கள் வழக்கமாக முடிசூடும் ஸ்கோன் நகரத்துக்குப் போய் முறையாக முடிசூடிக்கொண்டவன். பிரசங்கத்தை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டால், மக்டஃப் அவனைப் பாவத்தின் சம்பளமாகப் பொறுத்துக்கொண்டு ஜெபம் செய்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் ஜேம்ஸின் சொந்த வாழ்க்கையில் புத்தக வடிவில் உட்கார்ந்திருந்தது. அவருக்குச் சிறுவயதில் பாடம் சொன்னவர் ஜார்ஜ் புக்கானன். பெரிய லத்தீன் அறிஞர், கண்டிப்பான ஆசிரியர். 1579-இல் அவர் ஓர் உரையாடல் நூலை வெளியிட்டுத் தன் மாணவனான அந்த இளம் மன்னனுக்கே காணிக்கை ஆக்கினார். மன்னனின் அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது, சட்டம் அவனையும் கட்டும், கொடுங்கோலனாக மாறினால் அவனை நீக்கலாம், கொல்லவும் செய்யலாம் என்பது அந்த நூலின் வாதம். ஐந்து வருடம் கழித்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதைக் கண்டித்துத் தடுத்தது. ஜேம்ஸ் 1598-இல் தானே பேனா எடுத்து மறுத்தார். மன்னன் நாட்டுக்குத் தகப்பன், உடலுக்குத் தலை. தகப்பன் கெட்டவன் என்பதற்காகப் பிள்ளைகள் அவன்மேல் கை வைப்பார்களா? கொடிய மன்னனுக்கு எதிராக மக்கள் செய்யக்கூடியது கடவுளிடம் முறையிடுவது மட்டும்தான்.

ஆசிரியரும் மாணவனும் நடத்திய இந்தச் சண்டை அவர்களோடு முடியவில்லை. 1649 ஜனவரியில் ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸின் தலையை நாடாளுமன்றத் தரப்பு வெட்டியபோது, அதை நியாயப்படுத்தி எழுதிய மில்டன் புக்கானனைத் துணைக்கு அழைத்தார். 1683-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் புக்கானனின் நூலைத் தீயிலிட்டது. ஒரு கருத்து செத்துப்போயிருந்தால் நூறு வருடம் கழித்து அதை யாரும் மெனக்கெட்டு எரிக்க மாட்டார்கள்.

நாடகம் இந்தச் சிக்கலைத் தாண்டக் கைக்கொண்ட வழி, மாக்பெத்தை அபகரித்தவன் என்ற பக்கத்தில் நிறுத்துவது. பிற்பாதியில் பிரபுக்கள் அவனைக் கொடுங்கோலன் என்றே பேசுகிறார்கள். முறையான மன்னனை எதிர்ப்பது பாவம், திருடிய மகுடத்தைப் பறிப்பது பாவமல்ல என்று ஜேம்ஸும் ஒப்புக்கொள்ளக்கூடிய வழி அது. ஆனால் நாடகத்தின் முதல் செய்தியே, கலகக்காரன் ஒருவனை மாக்பெத் வயிற்றிலிருந்து தாடை வரை கிழித்துத் தலையைக் கோட்டை மதிலில் நட்டான் என்பது. அதற்காக எல்லோரும் அவனைப் புகழ்கிறார்கள். கடைசியில் அவன் தலையை மக்டஃப் கொண்டுவரும்போதும் புகழ்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி வாள்வீச்சு. வித்தியாசம் எங்கே என்று அரங்கில் ஒருவராவது யோசிக்காமல் போயிருப்பாரா?

சமூக வரிசை உடைவதை இதே நாடகம் இன்னும் நெருக்கமாக, சாப்பாட்டு மேசையில் காட்டுகிறது. மூன்றாம் அங்கத்து விருந்தில் மாக்பெத் வாய் திறந்ததும் சொல்வது, அவரவர் தகுதி அவரவருக்குத் தெரியும், அதன்படி உட்காருங்கள் என்பதுதான். பந்தியில் யார் எங்கே என்பது அந்த உலகத்தில் சின்ன விஷயமல்ல. உட்காரும் இடமே ஆளின் மதிப்பு. பிறகு பாங்கோவின் ஆவி வந்து மன்னனின் நாற்காலியில் உட்காருகிறது. மாக்பெத் பிதற்றுகிறான். கடைசியில் அரசி, போகிற வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே எழுந்து போங்கள் என்று எல்லோரையும் துரத்துகிறாள். தகுதி பார்த்து உட்கார்ந்தவர்கள் தகுதி பாராமல் கலைகிறார்கள். ஒரு நாடு சிதறுவதை ஒரு பந்திக்குள் அடக்கிக் காட்டிய இந்தக் காட்சிக்கு ஈடாக நாடகத்தில் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. குதிரைகளைப் பற்றி நாம் கேள்விதான் படுகிறோம். இதைக் கண்ணால் பார்க்கிறோம்.

உடையும் அப்படித்தான். யார் பொன்னிழைத் துணி உடுத்தலாம், யார் ஊதாப் பட்டு உடுத்தலாம் என்று எலிசபெத் காலத்தில் சட்டமே இருந்தது. 1604-இல்தான் அதை நீக்கினார்கள். மாக்பெத்தின் பட்டங்கள் நாடகம் முழுவதும் அளவு பொருந்தாத இரவல் உடையாகவே பேசப்படுகின்றன. ராட்சதனின் அங்கியைக் குள்ளத் திருடன் போட்டுக்கொண்டதுபோல அவன் மேல் அரசுரிமை தொங்குகிறது என்கிறான் ஒரு பிரபு. அதைச் சொல்கிற நடிகன் போட்டிருப்பதும் இரவல்தான். பிரபுக்கள் சாகும்போது வேலைக்காரர்களுக்கு விட்டுச்செல்லும் ஆடைகளை நடிகர்கள் விலைக்கு வாங்கி மேடையில் உடுத்தினார்கள் என்று 1599-இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி எழுதிவைத்திருக்கிறார். சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை பிரபுவின் உடையில் மன்னனாக நடப்பதைத் தினமும் பார்த்த கூட்டத்துக்கு, பிறப்பும் வேடமும் எங்கே பிரிகின்றன என்ற சந்தேகம் வராமலா இருக்கும்?

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இங்கிலாந்தில் நடக்கும் காட்சி. மாக்பெத்தை எதிர்க்க உதவி கேட்டு, மனைவி மக்களை விட்டுவிட்டு மக்டஃப் அங்கே வருகிறான். நாட்டுக்காக வீட்டைக் கைவிட்டவனைப் பற்றி அவன் மனைவி முந்தைய காட்சியில் மனம் கசந்து பேசியிருக்கிறாள்: மிகச் சின்னக் குருவிகூடக் கூட்டில் குஞ்சு இருந்தால் ஆந்தையை எதிர்த்து நிற்குமே. மன்னனைத் தகப்பன் என்று ஜேம்ஸ் எழுதினார். இங்கே அசல் தகப்பன் ஒருவன் மன்னனுக்காகப் பிள்ளைகளை ஆந்தைக்கு விட்டுவிட்டான். வீடும் நாடும் ஒரே ஒழுங்கின் இரண்டு தளங்கள் என்றால், இரண்டும் இப்படி மோதும்போது எதைக் காப்பது?

டங்கனின் மகன் மால்கம் வந்தவனை நம்பவில்லை. சோதித்துப் பார்க்கத் தன்னைப் பற்றியே பொய் சொல்கிறான். நான் பெண்பித்தன் என்கிறான். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்கிறான் மக்டஃப். பணத்தாசை பிடித்தவன், பிரபுக்களின் நிலங்களைப் பிடுங்குவேன் என்கிறான். அது இன்னும் மோசம், ஆனாலும் ஸ்காட்லாந்தில் செல்வம் இருக்கிறது, தாங்கிக்கொள்ளலாம் என்கிறான். கடைசியில் மால்கம் நீதி, உண்மை, இரக்கம், பணிவு, பொறுமை, துணிவு என்று மன்னனுக்குரிய பன்னிரண்டு குணங்களை அடுக்கி, இதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை, இப்படிப்பட்டவன் ஆளத் தகுதி உள்ளவனா என்று கேட்கிறான். மக்டஃப் வெடிக்கிறான். ஆளத் தகுதியா? உயிரோடு இருக்கவே தகுதி இல்லை என்று அந்த வாரிசின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

மால்கம் அபகரித்தவன் அல்ல. ரத்தத்தாலும், தகப்பன் அறிவித்ததாலும் முறையான வாரிசு. ரத்தம் மட்டுமே போதும் என்றால் அந்தப் பன்னிரண்டு குணங்களின் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை. மக்டஃப் பேசுவது, பெயர் சொல்லாமலே, புக்கானன் பேசியது. மன்னரின் பெயரைத் தாங்கிய குழு இதை மேடையில் பேசியது.

இதே காட்சியின் நடுவில் ஒரு மருத்துவர் வந்துபோகிறார். இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் தொட்டாலே கண்டமாலை நோய் ஆறுகிறது, நோயாளியின் கழுத்தில் பொற்காசு கட்டி ஜெபிக்கிறார், அந்தச் சக்தி அவர் வம்சத்துக்கும் போகும் என்று சொல்லப்படுகிறது. மன்னனின் உடலில் தெய்வம் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கையின் உச்சம் இது. ஜேம்ஸுக்கே தொடக்கத்தில் இந்தச் சடங்கில் தயக்கம் இருந்தது. ஆனாலும் விடாமல் செய்தார். 1712-இல் ராணி ஆன், பிற்காலத்தில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருக்கும்போது தொட்டார். ஜான்சனுக்கு நோய் தீரவில்லை. ஆக, தகுதி இல்லாத வாரிசு உயிரோடு இருக்கவே கூடாது என்ற பேச்சும், மன்னனின் விரலிலேயே கடவுள் இருக்கிறார் என்ற பேச்சும் ஒரே காட்சியில், சில நிமிட இடைவெளியில் வருகின்றன. ஷேக்ஸ்பியர் ஒன்றை வைத்து மற்றதை வெட்டவில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

நாடகம் போடுகிறவர்கள் பலர் இந்தக் காட்சி நீளம் என்று சுருக்கிவிடுகிறார்கள். பாடம் நடத்துகிறவர்களும் மக்டஃபின் குடும்பம் செத்த செய்தி வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பகுதியைத் தாண்டிவிடுவதுண்டு. உங்கள் வீட்டில் இந்த நாடகத்தைப் படிக்கிற பிள்ளை இருந்தால், நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை முழுதாக, அந்த மருத்துவரையும் விடாமல், உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.